சீப்புச் சித்தப்பாவுக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய உந்துதல், உள்ளொளி என்று எதுவும் கிடையாது. வார இதழின் ஆசிரியர் போன் செய்தார். "ஓட்டுப்பதிவு முடிஞ்சாச்சு, எண்ணிக்கை இன்னும் வரலை. ஜனங்க நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அடுத்த இதழுக்கு ஒரு கிண்டல் கதை குடுங்க. சீப்புக்காரங்களை வெச்சு செஞ்சிடுங்க" என்றார்.

சீப்பு ஒரு கட்சியின் சின்னம். நூல்கண்டு அதை எதிர்க்கும் கட்சியின் சின்னம். இரண்டையும் நான்தான் உண்டாக்கினேன். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் சீப்பு ஒரு பாவமும் அறியாதது. நான் நூல்கண்டுக்காரன். ஆசிரியரும் அப்படியே. இதழை வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அப்படியே. ஆக, என் வேலை நம் முதுகை நாமே சொறிந்துகொள்வது. சுகமான வேலைதான், மறுக்கவில்லை.

முதல் தொடக்கம்:

"ஜனநாயகம் என்பது என்னவென்றால்—"

(இல்லை. இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

"சீப்புச் சித்தப்பா காலையில் எழுந்ததும் தன் கட்சிச் சின்னத்தைக் கையில் எடுத்தார். சுவரில் இருந்த தலைவரின் படத்தைப் பார்த்தார். மறுபடியும் சீப்பைப் பார்த்தார். நாற்பது வருடமாக அவருக்கு வராத ஒரு சந்தேகம் அன்றைக்கு வந்தது. தலைவருக்கு முழு வழுக்கை."

எனக்கு எழுதியதை உடனே உரக்கப் படித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. காதில் சரியாக விழாத வாக்கியம் தாளிலும் சரியாக நிற்காது என்பது என் கட்சி. படித்தேன். யாரோ சிரித்தார்கள்.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

2

சிரித்தது சுவர். அதாவது, சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் பல்லக்கா.

அவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் முன்னறையில் உட்கார்ந்து மெழுகில் வார்த்து, பல் பதித்து, சின்ன மோட்டார் ஒன்றால் ராவி வழவழப்பாக்கி அனுப்புவார். கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் பல்லக்கா. அவருக்கும் அது பிடித்துப் போய், கதவிலேயே அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறார். அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கரும் உண்டு. சீப்பு.

எங்கள் இரண்டு முன்னறைகளுக்கும் நடுவில் ஒரே சுவர். கட்டியவர் சிமென்ட்டில் கஞ்சத்தனம் காட்டியிருக்க வேண்டும். அவர் மோட்டார் நாள் முழுக்க 'ர்ர்ர்' என்று எனக்குக் கேட்கும். நான் வாய்விட்டுப் படிப்பது அவருக்குக் கேட்கும் என்பது ஏனோ எனக்கு அதுவரை தோன்றவில்லை.

சோதித்துப் பார்த்தேன். அடுத்த பத்தியைப் படிக்கத் தொடங்கியதும் மோட்டார் நின்றது. படித்து முடித்ததும் ஒரு சிரிப்பு. பிறகு மறுபடியும் 'ர்ர்ர்'.

எதிர்க்கட்சி ஓட்டு ஒன்று என் நகைச்சுவைக்கு விழுந்திருக்கிறது. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

3

இனி வரும் பகுதிகளைச் சுவரின் உதவியோடு எழுதினேன். வெளிப்படையாகவே குறித்துவிடுகிறேன்.

"சித்தப்பாவின் ஸ்கூட்டரில் கட்டியிருக்கும் கொடி ஸ்கூட்டரைவிடப் பெரியது. காற்றடிக்கும் நாளில் வண்டியைக் கொடிதான் ஓட்டும். சித்தப்பா பின்னால் உட்கார்ந்து போவார்."

[சுவர்: நல்ல சிரிப்பு. மோட்டார் திரும்ப ஓடத் தாமதமானது.]

"தலைவர் வருகிறார் என்றால் சித்தப்பா மூன்று பூச்செண்டு வாங்குவார். ஒன்று தலைவருக்கு. இரண்டாவது, தலைவர் வருவதற்குள் முதலாவது வாடிவிடும் என்பதற்காக. மூன்றாவது, தலைவர் வராமலே போனால் சித்தியைச் சமாதானப்படுத்த."

(இங்கே 'சித்தி' என்று ஒரு சொல் தானாக வந்து விழுந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. அடித்துவிட்டு 'தனக்கே கொடுத்துக்கொள்ள' என்று மாற்றினேன்.)

[சுவர்: இருமல் கலந்த சிரிப்பு. பிறகு, "ஐயோ, எங்க வார்டு செயலாளர் அப்படியேதான்!" என்று தனக்குத்தானே.]

கணக்கு டீச்சரான என் மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் நான் சுவருக்கு வெகு அருகில் மேசையை இழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னங்க, மேசைக்குக் காத்து வேணுமாக்கும்?"

"சுவர் சிரிக்குது. கொஞ்சம் இரு, கேளு."

"பொண்டாட்டி சிரிக்கலைன்னு சுவரைப் பிடிச்சிருக்கீங்க. நடத்துங்க."

என் மனைவி எந்தச் சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். "சத்தம் போடாத பக்கம்" என்பார். அப்படி ஒரு பக்கம் இந்த நாட்டில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். சீப்புச் சித்தப்பா எங்கே குடியிருக்கிறார்? என்ன வேலை? தலைவலி வந்தால் யார் தைலம் தேய்த்துவிடுவார்கள்? இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. அவர் கதைக்குள் வருகிறார், நான்கு அடி வாங்குகிறார், வெளியே போகிறார். போன பிறகு என்ன ஆகிறார் என்று எனக்கு அக்கறை இருக்கவில்லை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

4

பிறகு ஒரு வாக்கியம் வந்தது. வந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சாதாரண வாக்கியம் இல்லை என்று. எழுந்து நின்றே படித்தேன்:

"தான் ஏன் சீப்புக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட மாட்டார்."

[சுவர்: ஒன்றும் இல்லை.]

கேட்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். மோட்டார் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. அடுத்த பத்தியில் என் கைவசம் இருந்த சிறந்த சரக்கை எல்லாம் இறக்கினேன். ஒலிபெருக்கி விழுந்து தலைவர் ஓடும் காட்சி, யாரையும் சிரிக்க வைக்கும். 'ர்ர்ர்ர்ர்' என்றது சுவர்.

ஆசிரியருக்குப் போனில் படித்துக் காட்டினேன். துள்ளிக் குதித்தார். "அந்த 'தெரிந்திருந்தால் போட மாட்டார்' இருக்கே, அட்டையிலேயே போடறேன்!" என்றார். ஆசிரியர் சிரித்ததும் எனக்கு நிறைவாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம், சுவர்ச் சிரிப்புதான் வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி மனசு அடம்பிடித்தது. என் கட்சிக்காரர் என் நகைச்சுவைக்குச் சிரிப்பதில் என்ன அதிசயம்? அவர் நான் தும்மினாலும் சிரிப்பார்.

இப்போது கதையில் பிரச்சினை என்னவென்று உங்களுக்கே புரிந்திருக்கும். நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் அது. அதை வைத்துக்கொண்டால் பக்கத்து வீட்டைக் கைவிட வேண்டும். கையெழுத்துப் பிரதி கொடுக்க நாளைக்கு மறுநாள் மாலைதான் கெடு.

(அந்த வாக்கியத்தை அடித்துப் பார்த்தேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். அடித்து என்ன பயன்?)

5

எங்கள் பால்கனியும் அவர் பால்கனியும் பக்கம்பக்கமாக இருக்கும். நடுவில் ஒரு கம்பித் தடுப்பு. காலையில் அவர் ப்ளாஸ்டர் தாடைகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வாய்கள், சிரித்தபடி. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, நேத்து மோட்டார் ரொம்ப நேரம் ஓடுச்சு போல."

"ஆமா தம்பி. வேலை ஜாஸ்தி."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? எங்க தலைவர் மண்டையைப் பத்தி எழுதினீங்க, சிரிச்சேன். கொடியைப் பத்தி எழுதினீங்க, சிரிச்சேன். அதெல்லாம் நாங்களே பேசிச் சிரிக்கிறதுதான். ஆனா அந்த ஆளுக்குக் காரணமே கிடையாதுன்னு எழுதினீங்க பாருங்க." ஒரு தாடையைத் திருப்பி வைத்தார். "நீங்க என்னைக்காவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. அப்போது கேட்டேன்.

"நீங்க இங்க குடி வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை தெருவெல்லாம் வெள்ளம். நான் அப்போ கீழ்வீட்டுல இருந்தேன். தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. எங்க வார்டு செயலாளர், அதான் நீங்க பூச்செண்டு குடுத்தீங்களே, அந்த ஆளுதான், என் மோட்டாரைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு மாடிப்படியில போய் உட்கார்ந்தாரு. சும்மா உட்கார்ந்தாரா? மோட்டாரைத் தலையில வெச்சுக்கிட்டே கட்சி வரலாறு பூரா பேசினாரு. தண்ணி வடிஞ்சுடுச்சு தம்பி, பேச்சு வடியலை."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்கப் போனவர், அடக்கிக்கொண்டார்.

"உங்க ஆளுங்களும் வந்தாங்க. வெள்ளம் ஏன் வருதுன்னு நோட்டீஸ் குடுத்தாங்க. நல்லா எழுதியிருந்தாங்க, பொய் சொல்லக்கூடாது. அதை வெச்சுத்தான் மோட்டாரைத் துடைச்சேன்."

('நல்லா எழுதியிருந்தாங்க' என்றதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். இதை விளக்கப் போவதில்லை.)

உள்ளே வந்து உட்கார்ந்தேன். அந்த வாக்கியம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

6

இங்கே கதை என் கையை விட்டுப் போகிறது. அன்று பிற்பகல் சுவரின் அந்தப்பக்கத்திலிருந்து தொண்டையைச் செருமும் ஓசை. பிறகு ஒரு குரல், செய்தி வாசிப்பது போல:

"நூல்கண்டுச் சித்தி! கதை! எழுதினது பல்லக்கா!"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். (எனக்கு மோட்டார் இல்லை, நிறுத்துவதற்கு அதுதான் இருந்தது.)

"நூல்கண்டுச் சித்தி மழை பெஞ்சாக்கூட வரலாற்று ரீதியாத்தான் குடை பிடிப்பாங்க. சித்தி நடத்துற கூட்டத்துல கேக்க வந்தவங்களைவிடப் பேச வந்தவங்க ஜாஸ்தி. நன்றி சொல்ல மட்டும் நாலு பேரு. அந்த நாலு பேருக்கு நன்றி சொல்ல ஒருத்தரு."

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஐந்தாவது ஆளாக நான் பல கூட்டங்களில் இருந்திருக்கிறேன்.

"சித்தி காய்கறிக்காரர்கிட்ட விலை கேக்க மாட்டாங்க. விலைவாசின்னா என்னன்னு அவருக்கே விளக்குவாங்க. அவரு பாவம், பாதி விலைக்குக் குடுத்து அனுப்பிடுவாரு."

சுவரைத் தட்டிப் பாராட்டினேன். அந்தப்பக்கம் குரலுக்கு உற்சாகம் கூடியது. உற்சாகம் கூடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுதுகிற எவருக்கும் தெரியும்.

"சித்திக்கு மக்கள்னா உயிரு. மனுஷங்களைத்தான் பிடிக்காது."

சிரிப்பு எனக்குப் பாதியில் நின்றது.

அருமையான வாக்கியம். நான் எழுதியிருந்தால் அட்டையில் போடச் சொல்லியிருப்பேன். ஆனால் மார்பில் யாரோ கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

சுவர் தட்டப்பட்டது. "தம்பி? இருக்கீங்களா?"

இன்னும் இரண்டு தட்டு. பிறகு பால்கனியில் அவர் குரல். போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது: காலையில் நான் அவரிடம் வந்து நின்றபோது என் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

"ஜாஸ்தியாயிடுச்சா?"

"வாக்கியம் நல்லாத்தான்கா இருக்கு."

"அது தெரியும். வலிச்சுதா?"

"வலிச்சுது."

"சரி, சொல்லுங்க. நீங்க ஏன் நூல்கண்டு?"

கொள்கை விளக்கம் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான்கு அம்சங்கள் கொண்டது. அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னேன். வேலை கிடைக்காமல் திரிந்த நாட்களில் வெயிலுக்கு ஒதுங்கி அவர்களுடைய படிப்பகத்துக்குள் போனேன். அங்கே மின்விசிறி ஓடியது, அவ்வளவுதான் என் அரசியல். என்னமோ பேச்சு நடந்தது, நானும் ஏதோ சொன்னேன். உடனே மூன்று பேர் என்னை எதிர்த்துப் பேசினார்கள்.

"எதிர்த்துப் பேசினாங்கன்னா?"

"அதுக்கு முன்னாடி நான் சொன்னதை எதிர்க்கிற அளவுக்குக்கூட யாரும் மதிச்சதில்லைக்கா. வீட்டுல 'சரி சரி, போ'ன்னுவாங்க. அங்கதான் என் பேச்சுக்கு ஒருத்தர் மேசையைத் தட்டி 'தப்பு'ன்னாரு. அன்னிக்கு ராத்திரி சந்தோஷத்துல தூக்கம் வரலை."

பல்லக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அட, எங்க ஆளுங்க மோட்டாரைத் தூக்கினாங்க, உங்க ஆளுங்க உங்களைத் தூக்கினாங்க" என்றார். பெரிய தத்துவம் போலச் சொல்லிவிட்டாரோ என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. "வெயில் போயிடும், தாடையை எடுக்கணும்" என்று திரும்பிக்கொண்டார்.

7

அன்று பள்ளி விடுமுறை; எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி உள்ளிருந்து துணி காயப்போட வந்தார். வாளியைக் கீழே வைத்தபடி சொன்னார்:

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்தையே முடிச்சுட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லலையே."

"என்ன கல்யாணம்?"

"இவரு சீப்புச் சித்தப்பான்னு எழுதறாரு. நீங்க நூல்கண்டுச் சித்தின்னு எழுதறீங்க. சித்தப்பாவுக்குச் சித்தி என்ன முறை? பக்கத்து வீட்டுக்காரியா?"

நானும் பல்லக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணக்கு டீச்சர் துணியை உதறினார்.

இப்படித்தான் சீப்புச் சித்தப்பாவுக்கு வீடு கிடைத்தது. வீட்டுக்குள் மனைவி இருந்தார். சுவரில் தலைவர் படம் இருந்தது. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் இன்னொரு தலைவர் படம். இரண்டு தலைவர்களும் நாள் முழுக்க முறைத்துக்கொள்வார்கள். அதற்கு நடுவில் இவர்கள் இரண்டு பேரும் காலையில் ஒரே பேஸ்ட்டைப் பிதுக்குவார்கள்.

இரண்டு வாக்கியங்களையும் என்ன செய்வது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதில்லை, ஆளை மாற்றினால் போதும். நான் சொன்னால் அது தீர்ப்பு. சித்தி சொன்னால் சண்டை. தீர்ப்புக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, சண்டைக்கு உண்டு. சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து, மாற்றி மாற்றி உரக்கச் சொல்லி எழுதினோம்:

"ஏன் சீப்புக்குப் போடறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா போட மாட்டீங்க" என்றார் சித்தி.

"ஏன் தெரியாது? வெள்ளத்துல உன் தையல் மெஷினைத் தலையில தூக்கினவன் சீப்பு. உன் ஆளு நோட்டீஸ்தானே குடுத்தான்?"

"அந்த நோட்டீஸைப் படிச்சிருந்தா அடுத்த வெள்ளம் வந்திருக்காது!"

"படிக்கலாம்னுதான் எடுத்தேன். நனைஞ்சு போச்சு. உனக்கு மக்கள்னா உயிரு, மனுஷங்களைத்தான் பிடிக்காது."

"பிடிக்காமலா இத்தனை வருஷமா உங்க கொடியையும் சேர்த்துத் துவைக்கிறேன்?"

[சுவர்: சிரிப்பு. இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்று தெரியவில்லை. கடைசி வரி யாருடையது என்பதிலும் இன்றுவரை தகராறு இருக்கிறது.]

8

எல்லாம் சரி, முடிவு? நாளைக் காலை ஓட்டு எண்ணத் தொடங்குவார்கள். இன்று மாலைக்குள் கதையைக் கொடுக்க வேண்டும். இதழ் கடைக்கு வரும்போது முடிவு ஊருக்கே தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் தெரியாது.

கைவிட்ட முடிவுகள்:

அ. இருவர் ஓட்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்பதால் யாரும் போக வேண்டாம் என்று சித்தப்பாவும் சித்தியும் ஒப்பந்தம் போடுகிறார்கள். பிறகு இருவரும் திருட்டுத்தனமாகப் போய் ஒரே வரிசையில் சந்திக்கிறார்கள். (பல்லக்கா: "இது எங்க அப்பா காலத்து ஜோக்கு.")

ஆ. சித்தப்பா மனம் மாறி நூல்கண்டுக்கு வருகிறார். (ஆசிரியர் ஆசைப்பட்டது இது. இதை எழுதினால் மோட்டார் மறுபடியும் நிற்காமல் ஓடும். நியாயம்தான்.)

இ. இருவரும் அரசியலே வேண்டாம் என்று படங்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில்—

(இல்லை. அந்த வீட்டில் சத்தம் இல்லாமல் போனால் எனக்கு அழுகை வரும்.)

"நாளைக்கு அந்த வீட்டுல ஒருத்தர் ஜெயிக்கணும், ஒருத்தர் தோக்கணும்" என்றேன். "அதை மறைச்சு எழுத முடியாது."

"மறைக்க வேண்டாம்" என்றார் என் மனைவி. விடைத்தாள் திருத்திக்கொண்டே பேசினார். "ஜெயிச்சவங்க தோத்தவங்ககிட்ட என்ன சொல்லணுமோ, அதைத் தோத்தவங்களையே எழுதச் சொல்லுங்க."

"யார் தோக்கப் போறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாதுல்ல? அப்போ ரெண்டு பேரும் எழுதுங்க."

9

சீப்பு ஜெயித்தால்: நான் எழுத வேண்டும். தோற்றவனாக உட்கார்ந்து, சித்தப்பாவின் வாயில் எனக்கு வேண்டிய சொல்லை வைக்க வேண்டும். முதலில், "இது ஜனநாயகத்தின் வெற்றி" என்று எழுதினேன். "சித்தப்பா பேசற மாதிரி இல்லையே, உங்க தலையங்கம் மாதிரி இருக்கு" என்றது சுவர். அடித்தேன். நாளைக் காலை என் முன்னறையில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு இதை எழுதினேன்:

"சித்தப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். சித்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'உங்க தலைவர் பேச வரும்போது சொல்லு' என்றார். 'சத்தம் கூட்டி வெக்கிறேன்.'"

படித்தேன். மோட்டார் நின்றிருந்தது. "ம்" என்று மட்டும் ஒரு குரல். சிரிப்புக்கு ஆசைப்பட்டவன், அந்த 'ம்' எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

நூல்கண்டு ஜெயித்தால்: பல்லக்கா எழுத வேண்டும். வெகு நேரம் ஓசையே இல்லை. பேனா பிடித்துப் பழக்கமில்லை என்று நடுவில் ஒரு முணுமுணுப்பு. பிறகு அவரே கதவைத் தட்டி உள்ளே வந்தார். சுவர் வழியாகச் சொல்ல மாட்டாராம். என் மனைவி பேனாவை மூடினார். அவர் நின்றபடியே படித்தார்:

"தெருவுல நூல்கண்டு ஆளுங்க வெடி வெச்சுக்கிட்டே வந்தாங்க. நம்ம சித்தி வீடுன்னு வாசல்ல பெரிய சரமா விரிச்சாங்க. சித்தி வெளிய வந்தாங்க. 'அடுத்த தெருவுல போய் வெடிங்கப்பா. எங்க வீட்டுல ஒருத்தர் தோத்திருக்காரு'ன்னாங்க."

நான் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பல்லக்கா என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்து, "சரியா வந்திருக்கா டீச்சர்?" என்றார்.

"ரெண்டுமே சரி" என்றார் என் மனைவி.

"ரெண்டுல எதைப் போடறது?" என்று ஆசிரியர் போனில் கேட்டார். இரண்டையும் போடுங்கள் என்றேன். அட்டை வாசகம் போயிற்றே என்று முனகினார். கொஞ்சம் பொறுத்து, "அந்த வெடி விஷயத்தை இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன். அவர் வீட்டில் யார் எந்தச் சின்னம் என்று நான் கேட்டதில்லை.

ஆக, வாசகரே, முடிவு உங்கள் கையில். நீங்கள் இதைப் படிக்கும்போது வென்றது யார் என்று உங்களுக்குத் தெரியும். வேண்டாத முடிவை அடித்துவிடுங்கள். வென்றவர் நீங்கள் என்றால், தோற்ற ஒருவர் உங்கள் பக்கத்திலேயே எங்காவது இருப்பார். சித்தப்பாவின் பேச்சையோ சித்தியின் பேச்சையோ தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். தோற்றவர் நீங்கள் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள், யாராவது வருவார்கள். ஒருவரும் வரவில்லையா, நேரே எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நானோ பல்லக்காவோ, எங்களில் ஒருவர் கட்டாயம் தோற்றிருப்போம்.